ரசீது இல்லாத செலவுகள்

‘மதிப்பிற்குரிய அறவாரியத்தாருக்கு’ என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.
ஷர்வினா, உங்களுக்கே எழுதுகிறேன்.
நீங்கள் தந்த பதினெட்டாயிரம் வெள்ளியில்
பதினாறாயிரத்துச் சொச்சத்துக்குத் தாள் இருக்கிறது,
தேதிவாரியாக, துளையிட்டு, நூல் கோத்து.
மிச்சத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

பீடோர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பல் மருத்துவர் கடையின் மாடியில் எங்கள் அறை.
கீழே யாருக்கோ கடைவாய்ப்பல்லைத் துளைக்கிற இரைச்சலில்
மேலே நாங்கள்
ஒருவருடைய பிறந்த தேதியைத் தேடுகிறோம்.

வீரபுத்திரனுக்கு ஐம்பத்திரண்டு வயது.
ஐம்பத்து நான்காகவும் இருக்கலாம்.
மூன்றாம் டிவிஷனில் பிறந்ததற்குச் சாட்சி
செத்துப்போன ஒரு மருத்துவச்சி,
இடித்துத் தள்ளிய லயம்,
செம்பனை நடுவதற்காகச் சாய்த்த பால்மரங்கள்.
பதிவிலாகாவில் இவை எதுவும் எண்ணிக்கைக்கு நிற்காது.

ஏழு தடவை ஈப்போவுக்குப் போனோம்.
முதல் தடவைக்குப் பிறகு அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன்,
இரவுச் சந்தையில், இருபத்தெட்டு வெள்ளி.
ரசீது கேட்டதற்குக் கடைக்காரர்
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
ஐந்தாம் தடவை, முகப்பில் இருந்த மலாய்ப் பெண்
தன் நாற்காலியையே எடுத்துவந்து அவருக்குப் போட்டாள்.
அதை நான் எந்தப் பத்தியில் எழுத?

அப்புறம் சூசைமரியான்.
அந்தக் காலத்துப் பெரட்டில் பெயர் வாசித்தவர்,
வீரபுத்திரனின் அப்பாவைத் தெரிந்து
உயிரோடு இருக்கிற ஒரே ஆள்.
அரைப் போத்தல் இல்லாமல் வாய் திறக்கமாட்டார்.
உங்கள் விதிமுறை நான்காம் பிரிவு எனக்கு மனப்பாடம்:
மதுவுக்குப் பணம் கூடாது.
ஆனால் அந்த மனிதரின் ஞாபகம்
போத்தலுக்குள்தான் இருந்தது.
பதினெட்டு வெள்ளி ஐம்பது காசு.
‘ஆவணச் சேகரிப்பு’ என்று எழுதியிருக்கிறேன்,
பொய்யில்லை.

பயனாளிகள் எத்தனை பேர் என்று படிவம் கேட்கிறது.
வந்தவர்கள் தொண்ணூற்றொன்று.
நீல அட்டை கிடைத்தது இரண்டு பேருக்கு.
அதில் ஒன்று வந்து சேர்ந்தபோது
உரியவர் போய்ப் பதினோரு நாள்.
மகள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள்:
“சாவுப் பத்திரத்துலயாவது
அப்பா இந்த நாட்டுக்காரரா இருக்கட்டும்.”
அவரைச் சேர்ப்பதா வேண்டாமா?
பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று.
கடிதத் தலைப்பில் சிரிக்கிறாரே உங்கள் தாத்தா,
லாரி காண்ட்ராக்டர் நல்லதம்பி,
அவரை என் அப்பாவுக்குத் தெரியும்.
அவர் லாரியில் பழக்குலை ஏற்றியவர்.
எழுபத்தொன்பதில், மழைநாளில், பின்கதவு விழுந்து
இடது கையில் இரண்டு விரல்.
தாத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தாராம்,
ஒரு ஹார்லிக்ஸ் போத்தலும் ஐம்பது வெள்ளியுமாக.
அதற்கும் ரசீது இல்லை.

கணக்குத் தீர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை.
அந்த ஐம்பது வெள்ளியும் இந்தப் பதினெட்டாயிரமும்
ஒரே பையிலிருந்துதானா என்று
சில ராத்திரி யோசித்ததுண்டு, அவ்வளவுதான்.
உங்கள் அறிக்கையில் ‘சமூக நீதி’ வருகிற பக்கத்தை
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
தாளை வாங்கி, எட்டு விரலால் பிடித்துக்கொண்டு,
படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
எவ்வளவு குடுக்குறாங்க என்றார்.
சொன்னேன்.
“பத்தாது. கூட்டிக் கேளு.”

அதனால் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில்
முப்பத்திரண்டாயிரம் என்று போட்டிருக்கிறேன்.
சட்டைக்கு என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கையிருப்பு: பதினோரு வெள்ளி நாற்பது காசு.
திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி.
வியாழக்கிழமை வீரபுத்திரன்
எட்டாம் தடவை ஈப்போ போகிறார்.
பேருந்துச் சீட்டைக் கசக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ப. நாகவேணி, கணக்கு.